முதல் வருடமே கிண்ணம் கேட்கலாமா?

கேள்வி (கொக்குவில் வாசகர்): எங்கட கல்லூரிக்குப் புது உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் வந்து ஒரு வருடமாகிவிட்டது. கிண்ணம் ஒன்றும் வரவில்லை. வைத்திருப்பதா, மாற்றுவதா?

பதில்: வைத்திருங்கள். உயர்தரம் முடிந்ததும் பாதி அணி வெளியேறிவிடும். மிச்சம் இருப்பது முந்தியவர் விட்டுப்போன பிள்ளைகள். அவர்களை வைத்து இவருக்குப் புள்ளி போடுவது அநியாயம். போன வருடம் உங்களுக்கு ஐந்து கோல் போட்ட கல்லூரி இந்த வருடம் எத்தனை போட்டது என்று பாருங்கள். இரண்டு என்றால் மனுசன் வேலை செய்திருக்கிறார்.

கேள்வி (மானிப்பாய் வாசகர்): தோல்வியை வைத்து ஒருவரின் முன்னேற்றத்தை அளக்க முடியுமா?

பதில்: சையத் அப்துல் ரஹீமைப் பாருங்கள். ஐதராபாத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து இந்திய அணிக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவருடைய அணி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அன்றே அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நான்கு வருடம் கழித்து மெல்பேர்ண் ஒலிம்பிக் அரையிறுதியில் மறுபடி அதே யூகோஸ்லாவியா. இம்முறை முதல் கோலைப் போட்டது இந்தியா. கடைசியில் 4-1 என்று தோற்றாலும் நான்காம் இடம் கிடைத்தது. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழா. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 தோல்வி, இறுதியாட்டத்தில் அதே தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம். அப்போது அவருக்குப் புற்றுநோய். அடுத்த வருடமே காலமானார். ஒரே எதிரணியை இரண்டாம் முறை சந்திக்கும்போது என்ன மாற்றிக்கொண்டு வருகிறார் என்பதில்தான் பயிற்றுவிப்பாளரின் தரம் தெரியும்.

கேள்வி (குருநகர் வாசகர்): பெடியள் பின்னேரத்தில் கழகத்துக்கும் விளையாடுகிறாங்கள். கோச் தடுக்கலாமா?

பதில்: தடுக்கக் கூடாது. பாடும்மீனும் நாவாந்துறை சென்.மேரிஸும் இளவாலை யங் ஹென்றீசியன்ஸும் போன்ற கழகங்கள் இல்லாமல் யாழ்ப்பாணத்து உதைபந்தாட்டம் ஏது? பெரியவர்களோடு மோதிப் பழகிய பிள்ளைக்குப் பாடசாலைப் போட்டியில் பயம் வராது. ஆனால் இரவு மின்னொளியில் ஆடிவிட்டு விடியப் பயிற்சிக்கு வரும் பதினாறு வயதுப் பிள்ளையின் முழங்காலைப் பற்றி யாராவது ஒருவர் கவலைப்பட வேண்டும். கழகக்காரரிடம் நேரே போய், "இந்தக் கிழமை இவனுக்கு ஓய்வு குடுங்கோ" என்று கேட்கும் கோச் கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி (அளவெட்டி வாசகி): பெண்பிள்ளைகளின் அணியைக் கட்டுவது இன்னும் கடினம் அல்லவா?

பதில்: கடினம்தான். ஆனாலும் போரினால் இடம்பெயர்ந்து இயங்கிய தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியிலிருந்து அகில இலங்கைச் சம்பியன்களாக மாணவிகள் வந்தார்கள். வீடு வீடாகப் போய்த் தாய் தகப்பனுடன் கதைப்பதும் பெண்பிள்ளைகள் அணியில் பயிற்சியின் ஒரு பகுதி. அதற்கு எந்தப் புள்ளிப் பட்டியலிலும் இடம் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கேள்வி (ரொறன்ரோ வாசகர்): பழைய மாணவர்கள் நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: 16 வயதுக்குட்பட்ட அணிக்குச் சப்பாத்தும் பந்தும் போக்குவரத்துச் செலவும் அனுப்புங்கள். பயிற்றுவிப்பாளரின் கொடுப்பனவு மாதாமாதம் தவறாமல் போகட்டும். யாரை முன்னுக்கு விடுவது என்று சொல்ல மட்டும் ரெலிபோன் எடுக்காதீர்கள்.

கேள்வி (நெல்லியடி வாசகர்): சரி, எத்தனை வருடம் பொறுப்பது?

பதில்: மூன்று. அவர் வந்த வருடம் 16 வயதுக்குட்பட்ட அணியில் இருந்தவர்கள் அதற்குள் 18இற்கு ஏறியிருப்பார்கள். அவர்களின் பெயர்ப் பட்டியலை இப்போதே எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலில் பாதிப்பேருக்கு மேல் மைதானத்தை விட்டுப் போயிருந்தால், அலுமாரியில் கிண்ணம் இருந்தாலும் வேறு ஆள் தேடுங்கள்.