525 மடங்கு பெருமை

பிள்ளைக்கு முதல் தொலைநோக்கி வாங்கப் போனவர், பெட்டியில் ‘525 மடங்கு’ என்று பார்த்ததுமே பரவசமாகிவிடுகிறார். உள்ளே இருப்பதோ 60 மி.மீ. லென்ஸ். மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதே ஒளியியல் கணக்கு; 120-ஐத் தாண்டினால் பெரிதாவது மங்கல் மட்டும்தான். கலிலியோ 1610-இல் சுமார் 20 மடங்கிலேயே வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டுவிட்டார். பாவம், விளம்பரம் படிக்கக் கொடுத்துவைக்கவில்லை. அட்டையில் ஹபிள் எடுத்த வண்ணப்படம் வேறு. முக்காலியோ மூச்சுவிட்டாலே பரதம் ஆடும். சனி தன் வளையத்தோடு ஜதி சேர்க்கும்.

அந்தக் காசுக்கு 10 மடங்கு பைனாகுலர் ஒன்று வாங்கினால் நிலவின் பள்ளங்களும் கார்த்திகைக் கூட்டமும் பளிச்சென்று தெரியும். ஆனால் வெறும் பத்து என்று சொந்தக்காரர்களிடம் எந்த முகத்தோடு சொல்வது?