மகிழடிச் சத்தியம்

சங்கிலி நாச்சியாரை மணக்கச் சுந்தரர் திருவொற்றியூரில் செய்த தந்திரம் ஊரறிந்தது. ‘உன்னைப் பிரியேன்’ என்று சன்னிதியில் சத்தியம் செய்யவேண்டும். அந்த நேரத்துக்கு நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே பேசிவைத்தார். சிவன் அந்தப் பக்கம் சங்கிலியிடம், மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்று போட்டுக்கொடுத்துவிட்டார். பிறகு சத்தியத்தை மீறி ஊர் எல்லை தாண்டியவருக்குக் கண் இரண்டும் போயின.

கார்க் கடன் விற்பவர்களும் அதே தந்திரக்காரர்கள்தான். வட்டியை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் சத்தியம் செய்வார்கள். ஆனால் கண் போவது வாங்குகிறவனுக்கு.

“ஏழு பர்சென்ட்தான் சார், ஃபிளாட்.” ஆறு லட்சம் கடன், 5 வருஷம். வட்டி 2,10,000, மாதம் 13,500 ரூபாய் டியூ. அசல் மாதாமாதம் குறைகிறது. வட்டியோ கடைசி மாதம் வரை முழு ஆறு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அந்த ஏழு, பன்னிரண்டரையாக எழுந்து நிற்கும். இந்தக் கணக்கு தெரியாமலா டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்?

அவர்கள் நீட்டும் கொட்டேஷன் தாளைப் பாருங்கள். எக்ஸ் ஷோரூம் விலை கொட்டை எழுத்தில். கீழே பொடி எழுத்தில் ஹேண்ட்லிங் சார்ஜ், அக்சசரீஸ் கிட், கோட்டிங், புராசசிங் ஃபீஸ். இன்சூரன்ஸை எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று சொல்ல மட்டும் அந்தத் தாளில் இடமில்லை. அரசாங்கம் சும்மா இருக்குமா? 2023 நவம்பரில் ஆயுள் வரியை ஏற்றியது. ஏழு லட்ச ரூபாய்க் காருக்கு 13 சதவீதம், அதாவது 91,000 ரூபாய், வண்டி ரோட்டில் இறங்குமுன்பே.

எந்த ரோடு? அதே திருவொற்றியூரின் எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்துக்குக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ‘விரைவு’ என்ற பெயருள்ள சாலையில் உங்கள் காரும் நிற்கும், ஏசி ஓட, பெட்ரோல் எரிய. டயரும் லாரியும் புல்லட்டும் செய்து ஊர் உலகத்துக்கு அனுப்பிய பேட்டை இது. இங்கே ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு வண்டி நிறுத்தச் சந்தில் இடமில்லை. கடல் காற்று உப்பைக் கொண்டுவந்து கதவடியில் துரு ஏற்றுவது இலவசம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எர்ணாவூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் தெருவுக்குள் வந்தது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினில் நீர் ஏறினால், இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டாதவனுக்குக் கம்பெனி கையை விரிக்கும். டியூ தேதிக்கு மட்டும் வெள்ளமும் இல்லை, புயலும் இல்லை. இத்தனையும் தாண்டி ஐந்தாம் வருஷத்தில் நிமிர்ந்தால், இன்சூரன்ஸ் கணக்கில் வண்டியின் மதிப்பு பாதி! நீங்கள் கட்டியதோ கடனுக்கு மட்டுமே 8,10,000.

2024 அக்டோபர் 1 முதல், எல்லாச் செலவும் சேர்ந்த உண்மையான வருட வட்டியை ஒரே தாளில், உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதித் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தாளைத் தமிழில் கேளுங்கள். அதில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாள் செல்லும். “இன்னிக்கே கையெழுத்துப் போட்டாத்தான் சார் இந்த ரேட்டு” என்று எவனாவது சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 முதல் ஓடுகிறது.