அல்வாலிலிருந்து தீவுக்கு: ஒரு கடலாராய்ச்சி

கடல்மட்டத்துக்கு 500 மீட்டர் உயரத்தில், கடற்கரைக்கு 250 கிலோமீட்டருக்கும் அப்பால் வாழும் மக்களிடம் 'ஞாயிற்றுக்கிழமை படகேறித் தீவுக்குப் போய் வரலாம்' என்னும் வேட்கை எங்ஙனம் தோன்றுகிறது? சிகந்தராபாத்துக்கு வடக்கே, அல்வாலில் குடியேறிய தமிழர்களை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே நம் நோக்கம். இப்பொருளில் நம் கைக்கு எட்டிய முன்னாய்வு எதுவுமில்லை. எனவே முந்தைய அறிஞர்களை மறுத்துரைக்கும் இன்பம் நமக்கு வாய்க்கவில்லை.

முதலில் தீவு. இப்ராகிம் குலி குதுப் ஷா ஆட்சியில், 16ஆம் நூற்றாண்டில் உருவான உசேன் சாகர் ஏரியின் நடுவே ஜிப்ரால்டர் பாறை என்று பெயர் சூட்டப்பட்ட கல்திட்டு ஒன்று உண்டு. நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலமே தீவு என்ற பள்ளிப் பாடத்தின்படி அது தீவுதான். ஆனால் அதே பாடத்தின்படி, ஆகஸ்டில் ஒரு மணி நேரம் மழை அடித்துப் பெய்தால் எங்கள் தெருவில் பாதி வீடுகள் தனித்தனித் தீவுகள். இக்குழப்பம் நீங்க, 'டிக்கெட் எடுத்துப் போய்ச் சேரவேண்டிய நிலமே தீவு' என்று வரையறையைத் திருத்திக்கொள்கிறோம்.

அடுத்தது கலம். பாய்மரப் படகுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ராணுவத்தின் இஎம்இ படகோட்டச் சங்கமும் சிகந்தராபாத் செயிலிங் கிளப்பும் இந்த ஏரியில்தான் இயங்குகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூலை, ஆகஸ்டில் இங்கே நடக்கும் போட்டிகளுக்கு நாடெங்குமிருந்து வீரர்கள் வருகிறார்கள். இடர் எங்கே என்றால், அங்கே பெரிதும் பேசப்படுவது லேசர் வகைப் படகு. நாலேகால் மீட்டர் நீளம், ஒரே பாய், ஓட்டுவதும் ஒரே ஆள். நண்பர்களோடு போவது என்ற கொள்கையையே அது அடியோடு நிராகரிக்கிறது. ஆப்டிமிஸ்ட் என்று இன்னொன்று உண்டு. அது பதினைந்து வயதுக்கு உட்பட்டோருக்கானது. நம் குழுவில் அத்தகுதி உடையவர்கள் சிலர், மனவளர்ச்சி அளவில் மட்டும். ஆகவே ஏரிக்கரையிலுள்ள லும்பினி பூங்காவிலிருந்து புறப்படும் மோட்டார் லாஞ்சே கதி. பாயும் மரமும் இல்லாத அதையும் பாய்மரப் பயணம் என்றே வாட்ஸாப் குழு ஆவணங்கள் பதிவு செய்கின்றன.

இனி நம் கண்டுபிடிப்பு. லாஞ்ச், அந்தப் பாறைமேல் நிற்கும் புத்தர் சிலையின் காலடியில் போய்ச் சேரக் கால் மணி நேரம்கூட ஆகாது. அதற்கான நிலவழி விவாதமோ புதன்கிழமை தொடங்குகிறது. தென்மத்திய ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், அல்வால் ஸ்டேஷனில் ரயிலேறி சிகந்தராபாத்தில் மாறுவதே தர்மம் என்பார். "ரயிலை வச்சுக்கிட்டு ரோட்டுல போறவனை என்ன சார் சொல்றது?" வங்கிக்காரர் காரில்தான் வருவார், ஆனால் கார் நிறுத்த இடம் கிடைக்குமா என்று சனிக்கிழமை இரவு வரை கேட்டுக்கொண்டிருப்பார். லோத்துகுண்டா, திருமலகிரி, கார்கானா என்று ஒவ்வொரு துறைமுகமாகக் கடந்தால், பிரியாணிக்குப் பேர்போன பாரடைஸ் சந்திப்பு. வீட்டிலிருந்து புளியோதரை கட்டிவந்த தரப்புக்கும் பிரியாணித் தரப்புக்கும் இங்கேதான் பிளவு உண்டாகி, மாலுமிகளில் பாதிப்பேர் கரையேறிவிடுகிறார்கள். இவற்றிலிருந்து பெறப்படும் விதி: நீர்வழி குறுகக் குறுக, நிலத்தில் வாக்குவாதம் நீளும்.

தீவில் இறங்கியதும் நிகழும் சடங்கு, தமிழர் பங்கை நிலைநாட்டுவது. அமெரிக்காவில் சுதந்திர தேவி சிலையைப் பார்த்து வந்த அன்றைய ஆந்திர முதல்வர் என்.டி. ராமராவ், தம் தலைநகரிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று எண்ணியதன் விளைவு இந்த ஒற்றைக்கல் புத்தர். செதுக்கிய சிற்பிகளுக்குத் தலைமை எஸ்.எம். கணபதி ஸ்தபதி. "நம்ம ஸ்தபதி" என்று குழுவில் ஒருவர் சொல்லியாக வேண்டும். சொல்லும் உரிமை யாருக்கு என்பதில் மட்டும் போட்டி. ஆனால் அடுத்து வரும் செய்தியில் கேலிக்கு இடமில்லை. 1990 மார்ச்சில் சிலையைத் தெப்பத்தில் ஏற்றிக் கொண்டுபோனபோது அது கவிழ்ந்து, உடனிருந்தவர்களின் உயிர்களும் போயின. 300 டன்னுக்கு மேல் எடையுள்ள புத்தர் இரண்டரை ஆண்டுக்கும் மேல் நீருக்கடியில் கிடந்து, 1992 டிசம்பரில்தான் பாறைமேல் நின்றார். இதைச் சொன்ன பிறகு, லாஞ்சில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டையிட்டவர்கள் திரும்பும்போது எங்கே இடம் கிடைத்தாலும் உட்கார்ந்தார்கள். பிஸ்கட் பிரிக்கும்வரை.

விதியைச் சோதிக்க இன்னொரு தீவு தேவைப்பட்டது. நாகார்ஜுனகொண்டாவைத் தேர்ந்தோம். அங்கும் புத்தர்தான், ஆனால் காலத்தால் மிக மூத்தவர். நாகார்ஜுனசாகர் அணையில் மூழ்கவிருந்த பள்ளத்தாக்கை 1950களில் அகழ்ந்து, கிடைத்த சிற்பங்களை மலையுச்சிக்கு ஏற்றினார்கள். நீர் உயர்ந்ததும் மலை தீவாயிற்று, சிற்பங்கள் இன்று அங்குள்ள அருங்காட்சியகத்தில். நம் வரையறைக்கும் பழுதில்லை: டிக்கெட் உண்டு. படகுப்பயணம் உசேன் சாகரைப் போலப் பல மடங்கு. எனவே விதிப்படி வாக்குவாதம் சில நிமிடங்களில் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ரயில்வேக்காரர் அணைக்கு அருகிலுள்ள மாச்சர்லாவுக்கு ரயில் உண்டா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். புளியோதரை மறுநாள் வரை தாங்குமா என்பதில் இரண்டு கருத்து. வங்கிக்காரர் யாரையும் கேளாமல் வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டுவிட்டார். அந்த அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை.