புதுசா வந்திருக்கீங்களா?

வங்கி வேலையில் இருப்பவனுக்கு மாறுதல் உத்தரவு வந்தால் வாடகை வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கேஸ் இணைப்பு என்று கவலைகள் வரிசையாக வரும். அவன் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ.காரனாகவும் இருந்துவிட்டால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போவது?

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஊருக்கு ஒரு கோயில், முதல் மணி, இரண்டாம் மணி. இரண்டாம் மணிக்கும் வராதவன் யார், ஏன் வரவில்லை, முந்தின ராத்திரி அவன் வீட்டில் என்ன சண்டை என்பது வரை கோயில்பிள்ளைக்குத் தெரியும். வெளியூரில்தான் திண்டாட்டம். அங்கே சபைகள் பல. அவற்றை ஒன்றாக்கும் முயற்சியும் நடக்காமல் இல்லை. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் சபைகள் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., ஆயின. நாடு இரண்டான மறுமாதமே சபைகள் ஒன்றானதைத் தாத்தா பெருமையாகச் சொல்வார். அப்படியும் எல்லோரும் சேர்ந்துவிடவில்லை. தரங்கம்பாடி ராஜ வீதிக்குப் போய்ப் பாருங்கள். 1701இல் டேனிஷ்காரர்கள் கட்டிய சீயோன் ஆலயம் சி.எஸ்.ஐ. வசம். அதே வீதியில் மிஷனரி சீகன்பால்க் 1718இல் கட்டிய புது எருசலேம் ஆலயம் லுத்தரன்களிடம். ஒரு சின்ன ஊரின் ஒரே வீதியில் இத்தனை என்றால், மாவட்டத் தலைநகரில் மாடிக்கு மாடி நடக்கும் ஜெபவீடுகளையும் சேர்த்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"இன்னைக்கு எந்தக் கோயில், அத்தான்?" என்று மனைவி காலையில் கேட்பது பக்தியால் மட்டுமல்ல. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் நகை ஆகாது. பதில் தெரிந்தால்தான் கம்மலைப் போடுவதா கழற்றுவதா என்று அவளால் முடிவுசெய்ய முடியும். பாதி வழியில் நான் மனம் மாறினால் ஆட்டோவிலேயே கம்மல் ஏறும், அல்லது இறங்கும்.

உள்ளே போனதும் உட்கார வேண்டுமே. புதியவன் தேடுவது கடைசி பெஞ்சை. ஆனால் உலகத்தில் எந்தக் கோயிலிலும் கடைசி பெஞ்ச் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. அது முப்பது வருஷ அங்கத்தினர்களுக்கு உரியது. நடு பெஞ்சுகளில் உள்ளே நாலு பேருக்கு இடம் இருக்கும். ஓரத்தில் ஒருவர் இருப்பார். அவர் நகர மாட்டார். முழங்காலை ஒரு சாண் பக்கவாட்டில் திருப்பி, "போய்க்கோங்க" என்பார். அந்த ஒரு சாண் இடைவெளியில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், பைபிள் பை எல்லாம் போக வேண்டும். ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவது எளிது என்று இயேசு சொன்னது பணக்காரர்களை மனதில் வைத்துத்தான் என்றாலும், அவர் இந்த பெஞ்சையும் பார்த்திருக்கலாம்.

அப்படி உட்கார்ந்த பிறகும் நிம்மதி இல்லை. பெஞ்சின் முதுகில் 'இன்னாரின் நினைவாகக் குடும்பத்தார் அளித்தது' என்று எழுதியிருக்கும். சற்று நேரத்தில் அந்தக் குடும்பத்தாரே வந்து பக்கத்தில் நிற்பார்கள். யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அவர்கள் தாத்தாவின் மேல் நான் சாய்ந்துகொண்டிருப்பதை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எழுந்துவிடுவதுதான் மரியாதை.

பாட்டுக்கு வருவோம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பிறந்து ஏறக்குறைய 90 வயது வாழ்ந்து கீர்த்தனைகளாகப் பாடிக் குவித்தார். சரபோஜி மன்னரும் அவரும் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஒன்றாகப் படித்தவர்கள். இந்தப் பெருமையெல்லாம் சரிதான். அவருடைய கீர்த்தனைகளை பல சபைகளிலும் பாடுகிறார்கள் என்பதால், நமக்குத் தெரிந்த பாட்டு என்ற தைரியத்தில் புதியவன் வாயைத் திறந்துவிடுகிறான். அனுபல்லவி முடிந்து பல்லவிக்குத் திரும்புவது எங்கள் ஊர் வழக்கம். இங்கேயோ நேராகச் சரணத்துக்குப் போகிறார்கள். சங்கீத இலக்கணமும் பல்லவிக்குத் திரும்பத்தான் சொல்கிறது. ஆனாலும் அந்தந்த ஊர் ஆர்கன்காரர் வைத்ததுதான் சட்டம்.

எழுந்து நிற்பது, உட்காருவது, முழங்கால்படியிடுவது ஆகியவற்றில் கத்தோலிக்கர்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. நண்பர் மகளின் புதுநன்மைக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்தோம். முன்னால் இருப்பவரைப் பார்த்துச் செய்வது என்று தீர்மானித்திருந்தேன். அவர் எழுந்தார், எழுந்தேன். என்னைப் பார்த்து எங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு குடும்பமே எழுந்தது. அவர் போன் பேச வெளியே போய்விட்டார். நற்கருணை வாங்கப் பெஞ்ச் முழுக்கக் கிளம்பியபோது, அது எங்களுக்கு இல்லை என்பதால் நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எங்கள் முழங்கால்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஓரத்தில் உட்காருகிறவர்களின் கஷ்டமும் அன்றைக்குக் கொஞ்சம் புரிந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் கூட்டத்தில் எங்களை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கூச்ச சுபாவிகளுக்கு மாதா கோயில் நல்லது.

மற்ற இடங்களில் அறிவிப்பு நேரம் என்ற ஒன்று உண்டு. வாலிபர் கூட்டம், பெண்கள் ஐக்கிய சங்கம், மைக் செட் பழுதுபார்க்க நன்கொடை எல்லாம் முடிந்ததும் போதகர் குரலைத் தாழ்த்தி, "முதல் முறையா நம்ம ஆராதனைக்கு வந்திருக்கிறவங்க தயவுசெய்து எழுந்து நில்லுங்க" என்பார். மனைவி உடனே மின்விசிறியைப் பார்ப்பாள். பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள். நான் எழுந்திருக்காவிட்டால் போதகர் விட மாட்டார். "கூச்சப்படாதீங்க" என்று என் திசையிலேயே சொல்லுவார். எழுந்தால் மைக் வரும். பேர், ஊர், வேலை. எந்தக் கிளை என்று சொன்னதும் நாலைந்து தலைகள் ஆர்வமாகத் திரும்பும். மறுநாள் காலை நகைக்கடன் கவுண்டரில் அந்தத் தலைகளை மீண்டும் பார்க்கலாம். பிறகு கைதட்டு, ஒரு வசன அட்டை, நிரப்ப ஒரு படிவம். வீட்டு விலாசத்தை எழுதியவன் அன்று மதியம் தூங்கலாம் என்று நினைக்கக் கூடாது.

உண்மையான விசாரணை வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் நடக்கும். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் அன்பாகத் தோளில் கைபோட்டு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்பார். சொன்னால் போதாது. "அங்க எந்தத் தெரு?" அதுவும் போதாது. "அப்பா பேரு? அம்மாவுக்கு எந்த ஊரு?" அவர் எதைத் தேடுகிறார் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நேராக மட்டும் கேட்க மாட்டார், கிறிஸ்தவர் அல்லவா. வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஒரே பீடத்துக்கு முன்னால், சாதிக்கொரு பக்கமாக மக்கள் உட்கார, நடுவில் சுவர் வைத்துக் கோயில் கட்டினார்கள். 1910 வாக்கில் சுவரை இடித்தார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஆ.சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்று ஒரு புத்தகமே எழுதிவிட்டார். அந்தச் சுவரின் செங்கல்கள் எங்கே போயின என்று கேட்டால், ஆளுக்கொன்றாக வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டோம் என்றுதான் நான் சொல்வேன். ஒருமுறை "எங்க ஊர்ல தெருவே கிடையாது, அண்ணாச்சி, வெறும் தேரிக்காடு" என்றேன். அவர் கை தோளிலிருந்து மெதுவாக இறங்கியது.

இதைவிட அன்பான வரவேற்பு ஒன்று உண்டு. அது டி.சி. எனப்படும் டயோசிசன் கவுன்சில் தேர்தல் வருஷத்தில் கிடைக்கும். கை குலுக்குகிறவர்கள் எண்ணிக்கை திடீரென்று கூடும். பெஞ்ச் ஓரத்து மனிதர்கூட உள்ளே நகருவார். என் பேர் அந்தச் சபைப் பதிவேட்டில் இல்லை, ஓட்டும் இல்லை என்று தெரியும்வரை இந்தச் சகோதர சிநேகம் நீடிக்கும்.

ஆகவே, ஏற்கெனவே ஒரு சபையில் நிலைத்து உட்கார்ந்துவிட்ட பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். புதிதாக வந்தவனை எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். அவன் வந்திருப்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் ஊரின் தெருக்கள் உங்களுக்கு வேண்டாம். பாட்டுப்புத்தகத்தைக் கொஞ்சம் அவன் பக்கமாகத் திருப்பிப் பிடித்தால் போதும். அங்கத்தினர்கள் கட்டும் சங்கக் காணிக்கை விஷயத்தைக் கிறிஸ்துமஸ் கழிந்து பேசிக்கொள்ளலாம்.