மனு வந்ததும் ஏழையானவர்

கல்யாணப் பேச்சில் கைமாறும் பயோடேட்டாவில் மாப்பிள்ளை எப்பேர்ப்பட்டவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆறு இலக்கச் சம்பளம், சொந்த வீடு, கார், ஊரில் நிலம். கடைசி வரியில் ‘பொறுப்புகள் ஏதுமில்லை’. அதே மனிதர் பிற்பாடு இன்னொரு பயோடேட்டா எழுதுவார். அதற்குக் கோர்ட்டில் கவுண்ட்டர் என்று பெயர். அதில் வேலை போயிருக்கும். வீடு அப்பா பேரில் இருக்கும், கார் நண்பருடையதாகியிருக்கும், நிலம் தம்பிக்கு செட்டில்மென்ட் ஆகியிருக்கும். வயதான தாய் தந்தை, கல்யாணமாகாத தங்கை, பெர்சனல் லோன், போதாக்குறைக்கு முதுகெலும்புத் தேய்மானம். இரண்டு காகிதங்களுக்கும் நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: பெண்டாட்டி ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டாள்.

வறுமையை ஒழிப்பதாகச் சொல்லி எத்தனையோ அரசுகள் வந்து போயின. வறுமையை உற்பத்தி செய்வதில் நம் குடும்பநல நீதிமன்றங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மனைவி பக்கத்தில் நேரெதிர் அதிசயம். “எங்க வீட்டு மருமக சம்பாதிச்சுதான் அடுப்பு எரியணும்னு இல்லை” என்று வேலையை விடச் சொன்ன குடும்பம், இப்போது ‘மனுதாரர் எம்.எஸ்சி., பி.எட். படித்தவர், சுயமாகச் சம்பாதிக்கும் தகுதி உடையவர்’ என்று கவுண்ட்டரில் சான்றிதழ் வழங்கும். பத்து வருடமாகப் பீரோவுக்குள் கிடந்த அவளுடைய டிகிரிக்கு அந்த வீட்டில் கிடைக்கும் முதல் மரியாதை இது. நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தால் கல்வி நிறுவனம் நடத்துகிறாள். அக்கம்பக்கத்துக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்தால் தொழிலதிபர். அவர் ஏழையாக ஏழையாக, இவள் பணக்காரி ஆகிக்கொண்டே போவாள்.

சட்டம் என்ன செய்கிறது? சட்டம் நன்றாகத்தான் பேசுகிறது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று 2001-லேயே திருத்தம் வந்துவிட்டது. ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144 ஆனது. எண் மாறியது, வாய்தா மாறவில்லை. முதலில் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டுமே! ‘கதவு பூட்டியிருக்கிறது’ என்று தபால் திரும்பி வரும். பூட்டிய வீட்டு மொட்டை மாடியில் அன்றைக்கும் துணி காயும். ஒருவழியாகச் சேர்ந்தால், வக்காலத்துக்கு ஒரு வாய்தா, கவுண்ட்டருக்கு ஒரு வாய்தா, சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்று ஒரு வாய்தா. காலை பத்து மணிக்கு டிபன் பாக்ஸும் பிள்ளையுமாக வந்து வராந்தாவில் உட்கார்ந்தவளுக்குச் சாயங்காலம் கிடைப்பது அடுத்த தேதி. வந்துபோக டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பது ஒன்றுதான் மிச்சம்.

நடுவில் திடீரென்று ஐயாவுக்குப் பாசம் பொங்கும். இந்து திருமணச் சட்டத்தின் 9-ஆவது பிரிவில் ‘சேர்ந்து வாழத் தயார்’ என்று ஒரு மனு வரும். அடித்துத் துரத்தியபோது எங்கே போயிருந்தது இந்தப் பாசம்? ஜீவனாம்சத்தை வெட்டத்தான் இந்த மனு என்பது கோர்ட் வாசல் டீக்கடைக்காரருக்கும் தெரியும். சேர்ந்து வாழச் சொல்லி உத்தரவு இருந்தாலும், அதை மட்டும் காட்டி ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது.

ஜீவனாம்சம் கொடுக்காமல் இழுத்தடிக்கும் இந்தக் கலைக்குப் பரம்பரை உண்டு. 43 ஆண்டு குடும்பம் நடத்திய ஷா பானுவை வெளியேற்றிய இந்தூர் கணவர் ஒரு வக்கீல். கீழ்க்கோர்ட் போட்ட ஜீவனாம்சம் மாதம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. அதையும் கொடுக்க மனமில்லாமல் அந்த மனிதர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1985-ல் தோற்றார். கிழவிக்குப் போகும் 20 காசைக் கூடத் தடுக்கப் பார்த்த வைராக்கியம் அது. சட்டம் மட்டும் என்ன தாராளம்? அந்த 125-ஆவது பிரிவின் கீழ் மாதம் 500 ரூபாய் என்ற மத்திய உச்சவரம்பு 2001-ல்தான் நீங்கியது.

உத்தரவு வாங்கினால் முடிந்ததா? நிலுவைக்குத் தனி மனு. அதையும் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வருடத்துக்குள் போட வேண்டும், விட்டால் அந்தத் தவணைக்கு வாரன்ட் கிடைக்காது. வாரன்ட் வந்த அன்றைக்கு, கையில் காலணா இல்லாதவர் எங்கிருந்தோ ஒரு தொகையைப் புரட்டிக்கொண்டு ஓடிவருவார். மிச்சத்துக்குப் பேரம்: “மொத்தமா ஒரு தொகை வாங்கிட்டு மியூச்சுவல்ல கையெழுத்துப் போட்டுடும்மா.” பட்டினி போட்டுப் படியவைத்த சம்மதத்துக்குப் பரஸ்பர சம்மதம் என்று பெயர்!

பெண்கள் சட்டத்தைத் துஷ்பிரயோகம் செய்கிறார்கள் என்று டி.வி.யில் மாதம் ஒரு விவாதம் நடக்கிறது. நடக்கட்டும். பொய் வழக்குப் போடுபவரைத் தண்டியுங்கள். ஆனால் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சம்பளத்தை மறைப்பதும் பொய்தானே? அதற்கு ஒரு விவாதமும் கிடையாது. அது ஆம்பளை சாமர்த்தியம்!

தாய்மார்களே, பெண்ணுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் தரச் சொல்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது, போய்க் கேளுங்கள். சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் இரு தரப்பும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கிடைக்க வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை எடுத்துக் காட்டுங்கள்.

கனம் நீதிபதிகளே, அதே தீர்ப்பு உங்களுக்கும்தான். பிரமாணப் பத்திரத்துக்கு இரண்டு வாய்ப்புக்கு மேல் கொடுக்கக் கூடாது என்கிறது, இழுத்தடிப்பவரின் எதிர்வாதத்தையே தள்ளிவிடலாம் என்கிறது, பொய் சொன்னால் நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது. ஒரே ஒருவரைப் பொய்ப் பிரமாணத்துக்காக உள்ளே அனுப்பிப் பாருங்கள். அடுத்த வாய்தாவுக்குள் பாதி ஏழைகளுக்கு வேலை கிடைத்துவிடும்.