ஓதற்பிரிவும் ஐ-20 படிவமும்: சங்கரன்கோவில் சான்றுகளை முன்வைத்து யாரும் கேட்காத ஓர் ஆய்வு

பாயிரம்

எந்த நூலுக்கும் பாயிரம் வேண்டும் என்பது நன்னூல் விதி. அது பொது, சிறப்பு என இரு வகைப்படும். பொதுவை யாரும் படிப்பதில்லை. சிறப்பை எழுதியவரும் படிப்பதில்லை. ஆகவே நேரே நுதலிய பொருளுக்குப் போய்விடலாம்: சங்கரன்கோவில் வட்டாரத்துப் பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்க விசா வாங்கும் முறையும், வாங்கியதை நீட்டிக்கப் படும் பாடும்.

இத்துறையில் இதுவரை ஆய்வு எதுவும் நிகழவில்லை. நிகழ்ந்திருந்தால் இந்த வாக்கியத்தை எழுத முடியாது. இந்த வாக்கியம் இல்லாத ஆய்வேட்டை ஏற்கும் பல்கலைக்கழகம் கிடையாது. எனவே நிகழவில்லை.

சான்றாதாரங்கள் இரண்டு. ஒன்று, அந்தந்த நாட்டு அரசுகளின் விதிகள். மற்றொன்று, வடக்கு ரதவீதியில் ஒரு டீக்கடையின் பெஞ்சு (இனி, பெஞ்சு). இரண்டும் முரண்படும் இடங்களில் பெஞ்சின் பாடமே கொள்ளப்பட்டது. அரசு விதிகளைப் போல் அது அடிக்கடி மாறுவதில்லை.

தொன்மை

தமிழில் எதை ஆராய்ந்தாலும் அது தொல்காப்பியத்தில் இருந்தாக வேண்டும். இருக்கிறது. தலைவன் பிரிந்து செல்லும் காரணங்களைச் சொல்லும் அகத்திணையியல், ஓதலை முதலில் வைக்கிறது. பகையும் தூதும் அதற்குப் பின்னால்தான். அமெரிக்கக் குடியேற்றச் சட்டமோ தூதருக்கு 'ஏ' என்ற முதல் எழுத்தைக் கொடுத்துவிட்டு, மாணவனை 'எஃப்' என்று ஆறாம் இடத்துக்குத் தள்ளிவிட்டது. கல்வியை மதித்தவர் யார் என்பதை நடுநிலையாளர் உணர்க.

ஓதலும் தூதும் உயர்ந்தோருக்கே உரியவை என்கிறது அடுத்த நூற்பா. அந்த உயர்ந்தோர் யார் என்பதில் உரையாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை. கல்விக் கடன் பிரிவு மேலாளருக்கு அந்த ஐயம் ஒருநாளும் வந்ததில்லை.

கெடுவைச் சொல்வது கற்பியல். கல்விக்குப் பிரிந்தவன் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2025 ஆகஸ்டில் ஒரு வரைவு விதி வெளியிட்டது: மாணவரைப் படிப்பு முடியும்வரை என்று கெடு குறிக்காமல் விடும் வழக்கத்தை நிறுத்தி, நான்கு ஆண்டுக்கு மிகாத கெடு வைப்பது என்று. அந்த நாட்டைக் கண்டித்து எழுதியவர்கள் கவனிக்க: தொல்காப்பியரைவிட அது ஓராண்டு தாராளம்.

வேந்தன் ஏவிய தொழிலுக்குப் பிரிந்தால் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பது கற்பியலின் அடுத்த விதி. படிப்பு முடித்தவன் அங்கேயே வேலை பழக அமெரிக்கா தரும் ஓபிடி சரியாக 12 மாதம். இதைக் கண்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அறிவியல், பொறியியல் படித்தவனுக்கு மேலும் 24 மாதம் உண்டே என்று கேட்பார்கள். அதற்குத் தொல்காப்பியத்தில் ஆதாரம் இல்லை, அது இடைச்செருகல்.

பெண்டிரோடு கடற்பயணம் இல்லை என்று ஒரு நூற்பா உண்டு. பிரிட்டன், ஆராய்ச்சிப் படிப்பு அல்லாத முதுகலைக்கு வருவோர் மனைவி மக்களை உடன் அழைத்து வருவதை 2024 ஜனவரி 1 முதல் நிறுத்தியது. நம்மைவிட எத்தனை நூற்றாண்டு தாமதம் என்பது தொல்காப்பியர் காலத்தைப் பொறுத்தது. தொல்காப்பியர் காலம் எந்த மாநாட்டில் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

இடைக்காலத்தை விட்டுவிட்டு (அங்கே சான்று இல்லை, பெஞ்சிலும் இல்லை) கணித மேதை ராமானுஜனுக்கு வருவோம். மெட்ராஸ் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு வீதம் இரண்டு ஆண்டுக்கு உதவித்தொகை தர, 1914 மார்ச் 17 அன்று அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கடல் கடக்கக் கூடாது என்ற தடையை, நாமக்கல் நாமகிரித் தாயார் அவருடைய தாயாரின் கனவில் வந்து நீக்கியதாகச் சொல்வார்கள். நேர்காணல் கனவிலேயே முடிந்தது. கட்டணம் இல்லை, ஸ்லாட் பிடிக்கும் வேலை இல்லை. பிறகு உதவித்தொகை நீட்டிக்கப்பட்டது, போர் குறுக்கிட்டது, அவர் திரும்பியது 1919இல். கற்பியல் கெடுவை ஏறத்தாழ இரண்டு ஆண்டு மீறியிருக்கிறார். இந்திய பாஸ்போர்ட் சட்டமே 1920இல்தான் வந்தது என்பதால் மேல்நடவடிக்கை எதுவும் இல்லை.

திணைப் பொருத்தம்

இது இல்லாமல் வைவா நடக்காது. முல்லை: ஸ்லாட்டுக்குக் காத்திருத்தல். நெய்தல்: மறுப்புச் சீட்டு. பாலை: வங்கிக் கணக்கு. மற்ற இரண்டு திணைகளை அடுத்த ஆய்வாளருக்கு விட்டுவைக்கிறேன். அவருக்கும் பட்டம் வேண்டாமா?

பணமும் சங்கன் பதுமன் வழக்கும்

பணம் இருப்பதற்கு ஓர் இலக்கணம், பணம் காட்டுவதற்கு வேறோர் இலக்கணம். பிரிட்டனுக்குத் தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் கிடக்க வேண்டும். நடுவில் ஒருநாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. ஜெர்மனிக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட வேண்டும். போட்டவன் பணம்தான், ஆனாலும் மாதம் 992 யூரோவாகத்தான் அவனுக்கே கிடைக்கும். கனடா நெடுங்காலம் 10,000 டாலர் கேட்டுக்கொண்டிருந்தது. 2024 ஜனவரி 1 முதல் 20,635 ஆக்கி, 2025 செப்டம்பரில் 22,895க்குக் கொண்டுபோனது. பெஞ்சு இத்தொகைகளை டாலரிலோ ரூபாயிலோ கணக்கிடுவதில்லை. தறி ஓடும் ஊர் என்பதால், எத்தனை தறி என்று கணக்கிடுகிறது.

அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் 214(பி) என்றொரு பிரிவு. விண்ணப்பிக்கும் ஒவ்வொருவனும் அங்கேயே தங்கிவிட வந்தவன் என்றே கொள்க. இல்லையென்று நிரூபிப்பது அவன் பாடு. இதை விளக்க எங்கள் ஊர்க் கோயிலின் ஸ்தலபுராணத்தைத் துணைக்கொள்கிறேன். சங்கன், பதுமன் என்ற இரு நாக அரசர்கள் சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சண்டையிட்டார்கள். கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவமிருக்க, வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி தந்தார்.

பெஞ்சிலும் இரு மதங்கள் உண்டு. கணக்கில் பணம் இருந்தால் விசா என்பது சங்கன் மதம். ஊரில் வேர் இருக்கிறதென்று காட்டினால் விசா என்பது பதுமன் மதம். இரண்டையும் மறுத்து நான் நிறுவுவது: வலப்பாதி போகத் துடிக்கவும் இடப்பாதி திரும்பத் துடிக்கவும் ஒரே உடம்பில் ஒற்றைக்காலில் நிற்பவனே விசாவுக்கு உரியவன்.

வேரைக் காட்டும் பத்திரமோ வங்கியில் அடமானமாகக் கிடக்கிறது. படிப்பு முடிந்த மறுநாளே வண்டியேறிவிடுவேன் என்று பையன் தூதரகத்தில் சொல்ல வேண்டும். அப்படி அவன் வந்துவிட்டால் கடன் என்ன ஆகும் என்பது வங்கிக்கும் தெரியும், தூதரகத்துக்கும் தெரியும், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கும் அவனுக்கும் தெரியும். மூவரும் நாகரிகம் கருதி அதைப் பேசுவதில்லை.

ஃபைல்

இனி ஆய்வின் இதயப் பகுதி. ஃபைல் என்பது கண்ணாடி உறைகள் பல கொண்ட பிளாஸ்டிக் பொருள். ஜெராக்ஸ் கடையில் தோன்றி, பொதிகை எக்ஸ்பிரஸில் வளர்ந்து, சென்னையில் முத்தி பெறுவது. அதனுள் அடங்குவன: பாஸ்போர்ட், ஐ-20 (அமெரிக்கக் கல்லூரி தரும் சேர்க்கைப் படிவம்), டிஎஸ்-160 விசா விண்ணப்ப உறுதித்தாள், 350 டாலர் செவிஸ் (அயல்மாணவர் பதிவேடு) கட்டண ரசீது, மதிப்பெண் பட்டியல்கள், கடன் அனுமதிக் கடிதம், ஆடிட்டர் சான்று, பட்டா, வில்லங்கச் சான்று, மூலப் பத்திரத்தின் நகல், தறி செட்டின் கரண்டு பில், எட்டாம் வகுப்பில் சாக்கு ஓட்டத்தில் வாங்கிய இரண்டாம் பரிசுச் சான்றிதழ். கடைசியாகச் சொன்னதை எந்த அரசும் கேட்கவில்லை. 'கிடக்கட்டும்யா, அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கும்' என்பதே விதி (பெஞ்சு, இடது ஓரம், காலை ஏழு மணிப் பதிப்பு).

வரிசை முறையில் கருத்து வேறுபாடு கடுமையானது. பாஸ்போர்ட் மேலே, ஐ-20 கீழே என்பது ஒரு கொள்கை (பெஞ்சு, நடுப்பகுதி, மழைக்காலத் திருத்திய பதிப்பு, மூலப்படியில் பஜ்ஜி எண்ணெய் பட்டு மூன்று சொற்கள் சிதைந்துள்ளன, ஒன்று 'நோட்டரி' ஆகலாம்). ஐ-20 மேலே, பாஸ்போர்ட் சட்டைப் பையில் என்பது எதிர்க்கொள்கை (பெஞ்சு, வலது ஓரம், கால் ஆடும் பகுதி, செவிவழி மரபு. சொன்னவரே மறுநாள் தாம் சொல்லவில்லை என்று மறுத்ததால் ஆசிரியர் பெயர் தெரியாத நூலாகக் கொண்டேன்; பிற்சேர்க்கையாக அவருடைய மச்சினன் கூறியது வேறு கையெழுத்தில் உள்ளது, அதாவது வேறு குரலில்). இருவரின் பிள்ளைகளுக்கும் விசா கிடைத்தது. இதனால் இரு தரப்பாரும் தத்தம் கொள்கை நிரூபணமாகிவிட்டதாகக் கருதி இன்றளவும் ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கிறார்கள். தமிழ்த்துறைகளில் இதே நிலையைப் பள்ளி என்று மரியாதையாகச் சொல்வோம்.

ஃபைலில் நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முன் வாங்கிய சான்றில் சங்கரன்கோவில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. பின் வாங்கியதில் தென்காசியில். ஊர் ஓரடி நகரவில்லை. பாட்டனாரின் பத்திரத்திலோ அது சங்கரநயினார்கோயில். ஒரே வீடு, மூன்று விலாசம். தூதரக அதிகாரிக்கு எந்தக் குழப்பமும் வராது, அவருக்கு மூன்றும் ஒன்றுதான். குழப்பம் வருவதெல்லாம் கன்சல்டன்சிக்கு. மூன்று இடமும் ஒன்றே என்று ஸ்டாம்பு பேப்பரில் எழுதி உறுதிமொழி வாங்கி ஃபைலை இன்னும் ஓர் உறை தடிப்பாக்குகிறது.

அடுத்து நோக்க அறிக்கை. எங்கோ கிடக்கும் சொல்லை எடுத்து எங்கோ பொருத்திப் பொருள் கொள்ளும் கலையில் நச்சினார்க்கினியர் பேர்போனவர். அவருக்குப் பிறகு அக்கலை கன்சல்டன்சிகளில் தங்கியிருக்கிறது. ஒரே கை எழுதுவதால், விண்ணப்பிக்கும் அத்தனை பிள்ளைகளும் சின்ன வயதில் தாத்தாவின் ரேடியோவைப் பிரித்துப் பார்த்துத்தான் பொறியியல் மீது ஆசை கொண்டிருக்கிறார்கள். தாத்தா இல்லாதவனும் பிரித்திருக்கிறான். இதைத் திருட்டு எனல் தகாது. ஆய்வுலகில் முன்னோர் மொழி பொன்னேபோல் போற்றல் என்பார்கள்.

கடைசி உறையில் கோமதியம்மன் கோயில் புற்றுமண் பொட்டலம். எந்த நாட்டுப் பட்டியலிலும் இது இல்லை. எந்த ஃபைலிலும் இல்லாமலும் இல்லை.

இத்தனையும் சுமந்து, கைப்பேசியை வெளியே விட்டுவிட்டு, ஜெமினி மேம்பாலத்தருகே உள்ளே போகிற பிள்ளையிடம் ஜன்னலுக்கு அப்பால் இருப்பவர் கேட்பது பெரும்பாலும் பாஸ்போர்ட்டும் ஐ-20ம்தான். ஃபைல் திறக்கப்படாமலே வெளியே வருகிறது. அப்படியானால் அதன் பயன் என்ன? 'அதுக்குன்னு வெறுங்கையோட எப்படிய்யா போய் நிக்கது?' (பெஞ்சு, எல்லாப் பதிப்புகளும், பாடபேதம் இல்லை.)

காலம்

அமெரிக்கக் கல்லூரிகள் ஆகஸ்டில் திறப்பதால் விசா அலைச்சல் ஆனி, ஆடியில் உச்சம் பெறுகிறது. ஆடியில் நல்ல காரியம் தொடங்கலாமா என்பது கேள்வி. அம்மனின் தவத்தைக் கொண்டாடும் ஆடித்தபசுக்குப் பிராகாரத்தை 108, 501, 1001 என்று சுற்றும் ஆடிச்சுற்று வழக்கமுள்ள ஊரில், ஸ்லாட் பக்கத்தை அத்தனை தடவை திறந்து மூடுவதைப் புதிய காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே தொடங்கலாம்.

வாய்மொழித் தேர்வு

முனைவர் பட்டத்துக்கும் விசாவுக்கும் இது பொது. முன்னதில் கேசரியும் மிக்சரும் உண்டு, முடிவும் முன்கூட்டியே தெரியும். பின்னதில் இரண்டும் கிடையாது. கேள்வி கேட்பவர் விண்ணப்பத்தைப் படித்திருக்கிறார் என்பது இன்னொரு வேறுபாடு.

நீட்டிப்பு

விசா என்பது வாசலில் ஒட்டிய சீட்டு. உள்ளே இருக்கும் உரிமை வேறு. அமெரிக்காவில் சீட்டின் தேதி முடிந்தாலும் ஐ-20 உயிரோடிருந்தால் இருக்கலாம். ஊருக்கு வந்து மறுபடி போவதென்றால்தான் புதிய சீட்டு. படிப்பு இழுத்துக்கொண்டே போனால், ஐ-20இல் குறித்த தேதிக்கு முன்பே கல்லூரியின் அயல்மாணவர் அலுவலரிடம் சொல்லி நீட்ட வேண்டும். தேதிக்குப் பின் சொன்னால் கதை கந்தல். முடித்தவருக்கு மூட்டை கட்ட 60 நாள்.

ஓபிடியில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. அந்த 24 மாத இடைச்செருகலையும் சேர்த்தால் 150. இவ்விதியைப் படித்துக் காட்டியபோது பெஞ்சில் நீண்ட மௌனம். மூத்த அண்ணாச்சி ஒருவர், 'வேலையில்லாதவன வெரட்டிட்டா அந்த ஊர்ல பேச ஆளே இருக்காதேய்யா' என்றார். நியாயமான கேள்வி, பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜெர்மனியில் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவு வருவதற்குள் கெடு தீர்ந்தால், பழைய உரிமை தொடர்வதாகக் கருதப்படுகிறது என்று ஒரு தாள் தருவார்கள். கனடாவிலும் கெடுவுக்குள் விண்ணப்பித்தவன், முடிவு தெரியும்வரை பழைய நிபந்தனைகளோடு இருக்கலாம். இருப்பவனை இருப்பதாகக் கருதுக என்று அரசு எழுதித் தர வேண்டிய நிலையை அத்வைதிகள் தனியே ஆராய்ந்துகொள்ளட்டும்.

ஊரில் இருப்பவர்களின் நிலையையும் ஒரு வரியில் குறிக்க வேண்டும். திரும்பி வருவான் என்று நிரூபிக்கத் தங்கள் சொத்தைத் திரட்டிக் காட்டிய அதே தாய் தகப்பன், எப்படியாவது நீட்டித்துக்கொடு என்று அதே அம்மனிடம் மாவிளக்கு நேர்ந்துகொள்கிறார்கள். 214(பி) பிரிவை எழுதியவர்கள் கோமதியம்மனைக் கலந்து பேசியிருக்க வேண்டும்.

புறனடை

இந்த ஆய்வை மறுக்க விரும்பும் அறிஞர்கள் மறுப்புரையை மூன்று படிகளில், ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டு, இரண்டு அங்குலச் சதுரப் புகைப்படம் ஒட்டி (வெள்ளைப் பின்னணி, மூக்குக்கண்ணாடி கூடாது) பெஞ்சில் சேர்க்கலாம். பழைய மாவட்டப் பெயர் போட்ட விலாசமும் ஏற்கப்படும். மறுப்பு நிராகரிக்கப்பட்டால் காரணம் கூறப்படாது. மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை. கொடுத்த டீக்காசு திருப்பித் தரப்பட மாட்டாது.