சொத்தை எங்கே?

பல் போனால் சொல் போச்சு என்பது நம் ஊர்க் கவலை. இங்கிலாந்தில் கவலை யூனிட்டைப் பற்றியது. அங்கே 2006 ஏப்ரலில் வந்த அரசுப் பல் மருத்துவ ஒப்பந்தம் டாக்டரின் வேலையை யூனிட்டில் அளந்து பணம் தருகிறது. பரிசோதனைக்கு 1, பல்லை அடைத்தால் 3, பல்செட் கட்டினால் 12. ஒரு சொத்தையை அடைத்தாலும் 3; ஆறு சொத்தையை அடைத்தாலும் அதே 3 என்றுதான் முதலில் இருந்தது.

இட்லி ஒன்றானாலும் ஆறானாலும் ஒரே விலை என்று சட்டம் போட்டால், ஹோட்டல்காரர் பசித்து வருபவரைப் பார்த்துக் கதவைத்தானே சாத்துவார்? வருடத்துக்கு இத்தனை யூனிட் என்ற இலக்கில் 96 சதவீதத்தைத் தொடாவிட்டால், கொடுத்த பணத்தில் செய்யாத வேலைக்கானதை அரசு திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். அந்தப் பிடுங்கலுக்கு மரப்பு ஊசி கிடையாது.

16 வருடம் யோசித்து, 2022 நவம்பரில் ஒரு திருத்தம் வந்தது: மூன்று பல்லோ அதற்கு மேலோ அடைத்தால் 5, கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தால் 7. ஆனாலும் 2024 பிப்ரவரியில், பிரிஸ்டலில் ஒரு கிளினிக் புது நோயாளிகளைச் சேர்க்கிறது என்றதும் தெரு நீளத்துக்கு வரிசை. போலீஸே வர வேண்டியதாயிற்று.

சொத்தை இருப்பது ஒப்பந்தத்தில். அதை அடைத்துப் பயனில்லை, வேரோடு பிடுங்க வேண்டியதுதான்.